சும்மாதான் இருக்கா

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம். மூன்று வாரமாக உன் குரலையே கேட்காமல் அதை எப்படி எழுதுவது? "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று ஒரு வரி மெசேஜ் வருகிறது. சரி, டெல்லியில் புள்ளியியல் துறையில் அவ்வளவு பெரிய பொறுப்பில் இருப்பவளுக்கு மீட்டிங் இல்லாமல் இருக்குமா? குறையாகச் சொல்லவில்லை. ராத்திரி நேரத்தோடு தூங்கு.

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற சேதியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

போன வாரம் பேப்பரில் பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18இல் 23.3 சதவீதமாம், 2023-24இல் 41.7 சதவீதமாம். எழுதியவர் கைதட்டாத குறைதான். எனக்கு உன் குரல்தான் காதில் கேட்டது: "அதுல கையில காசு வாங்குறவங்க எத்தனை பேரு, சொந்த வயல்லயும் கடையிலயும் சம்பளமில்லாம உழைக்கிறவங்க எத்தனை பேருன்னு பிரிச்சுப் பாக்கணும்மா." அதைத்தானே இரண்டு வருஷமாகப் பிரித்துக்கொண்டிருந்தாய்? அந்த அட்டவணை எப்போது வெளிவருகிறது? சும்மா கேட்டேன். சொல்லக் கூடாது என்றால் சொல்ல வேண்டாம்.

எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் இரண்டு தடவை படித்துவிட்டுப் போடு.

பல்கலைக்கழகத்தில் உன் இடம் அப்படியேதான் இருக்கிறதா? டெபுடேஷன் முடிய இன்னும் எத்தனை நாள் என்று அப்பா கேட்டார். நீ அங்கே போகிறேன் என்றபோது எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கே தெரியும். வகுப்பு, மாணவர்கள், உன் ஆய்வு என்று நிம்மதியாக இருந்தவள். புள்ளியியல் மேதை மகலனோபிஸைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தாய். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தன் அறையில் புள்ளியியல் ஆய்வுக்கூடம் வைத்தார், 1931இல் அது நிறுவனமாகி, அவர் முயற்சியில் 1950இல் நாடு முழுவதும் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கிற மாதிரிக் கணக்கெடுப்பு வந்தது என்றெல்லாம். "கரும்பலகையில போடுற கணக்குக்கு ஆள் முகம் கிடையாதும்மா" என்றாய். அன்றைக்கு உன்மேல் கோபம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்குப் போய் அதையே பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து இரண்டு பேர் விலகினார்களே, நினைவிருக்கிறதா? ஒருவர் பேராசிரியர், மற்றவர் புள்ளியியல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி. தாங்கள் ஒப்புதல் கொடுத்த வேலைவாய்ப்பு அறிக்கை வெளிவராமல் கிடக்கிறது என்பதுதான் அவர்கள் குறை. தேர்தலெல்லாம் முடிந்து மே 31 அன்று அது வந்தது, வேலையின்மை 6.1 சதவீதம் என்று. அன்றைக்கு நீதான் போனில் எனக்கு வரிவரியாக விளக்கினாய். அவர்கள் விலகியதால் யாருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவசரப்படாதே, அவ்வளவுதான். எதையும் வாய்வார்த்தையாக விடாதே, எழுத்தில் வை. நேரத்தோடு தூங்கு.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் "1991இல் வீடு வீடாக நடந்த என் அம்மாவுக்கு" என்று போட்டாய். அப்பா அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார். நான் உள்ளே போய் நான்காம் அத்தியாயத்தையும் படித்தேன். புரிந்தவரைக்கும் படித்தேன். மாதிரியைப் பெரிதாக்கினால் ஒரு பிழை குறையும், இன்னொரு பிழை குறையவே குறையாது, அது கேட்கிற ஆளோடு வீட்டுக்குள் வருவது என்று எழுதியிருந்தாய். மூடி வைத்துவிட்டேன்.

அந்த பிப்ரவரி சென்சஸின்போது உனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். ஆளுக்கொரு சீட்டு. வேலை செய்கிறாரா என்ற கேள்வியில், சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்வதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அந்தத் தடவை அச்சிலேயே போட்டிருந்தார்கள். பயிற்சி வகுப்பில் அதைத் தனியாகச் சொல்லியும் அனுப்பினார்கள். பெண்களிடமே கேளுங்கள் என்றும் சொன்னார்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வாசலில் நின்று பதில் சொன்னார். "சம்சாரம் என்ன செய்றாங்க?" என்றேன். "அவ சும்மாதான் இருக்கா டீச்சர்" என்றார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கை நிற்கவில்லை. வேலை இல்லை என்று எழுதினேன்.

வேலை உண்டு என்று எழுதினால் என்ன தொழில், எங்கே, யாரிடம் என்று அடுத்தடுத்து நிரப்ப வேண்டும். இல்லை என்றால் வீட்டு வேலை என்று போட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடலாம். பொழுது சாய்ந்துவிட்டது, நீ வீட்டில் தனியாக இருந்தாய். இதெல்லாம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். அந்த ஒரு வீட்டோடு நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கப்புறம் பெண்களின் சீட்டில் நான் கேட்கவே இல்லை, கண்டாங்கியை வரிந்து கட்டி நாற்றங்காலிலிருந்து வந்தவளுக்கும் அதையேதான் எழுதினேன். நானே சம்பளம் வாங்குகிற பொம்பளை, எனக்கு அது உறைக்கவில்லை. கட்டுக் கட்டாக அதில் என் கையெழுத்து இருக்கிறது.

வங்காளத்துச் சணல் கணக்கெடுப்பில் ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இருவர் கணக்கும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்கள் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாயே, எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பின்னால் இன்னொரு டீச்சரை அனுப்பியிருந்தால்?

நீ அந்தப் பெண்களைத் தேடித்தான் இத்தனை வருஷம் அட்டவணைக்குள் அலைகிறாய் என்று எனக்குத் தெரியும். சர்வே குறியீட்டு எண்ணைச் சொல்லி, வீட்டு வேலை பார்க்கிற பாட்டியை 93 என்றும் பென்ஷன் வாங்குகிற என்னை 94 என்றும் கேலி செய்வாயே, அப்போதெல்லாம் சொல்ல வாய் வரும், சொல்லமாட்டேன். "எல்லாரும் போடுகிற கையெழுத்துத்தானே, போட்டுவிட்டு ஊர் திரும்பு" என்று உனக்கு எழுதுவதாகத்தான் போன வாரம் வரைக்கும் இருந்தேன். அதை என்னால் எழுத முடியவில்லை.

2021இல் நடக்காமல் போன சென்சஸ் இப்போது 2027 என்கிறார்கள். எல்லாம் போனிலேயே பதிவார்களாமே. கேள்வி மாறியிருக்கிறதா என்று மட்டும் சொல்லு.

அம்மா

பி.கு. மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராஜினாமா என்ற வார்த்தையையே நான் அவர் வாயால் கேட்கவில்லை.