என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட உங்களுக்கு நன்றி

அரூர் பக்கத்து எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், அக்கா அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்து, சேர்ந்தும் விட்டேன். அப்பா மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றப் போகிறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பொறியியல் சேர்க்கைக்கான கவுன்சிலிங் பற்றிக் கேட்க வீட்டில் ஆளில்லாதபோது நீங்களாக வந்து நின்றீர்கள்.

ரிசல்ட் வந்த அன்றே இயற்பியல் டீச்சர் என்னை உட்கார வைத்து, கணக்கை நூற்றுக்கும் இயற்பியல், வேதியியலை ஐம்பது ஐம்பதுக்கும் மாற்றி, 200-க்கு என் கட்-ஆஃப் என்ன என்று போட்டுக் காட்டினார். அதுவரை பொறியியல் படிப்பை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, டீச்சர்.

நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வர முடியாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகையைத்தான் நம்பியிருந்தோம். இ-சேவை மைய அக்கா அந்தச் சான்றிதழுக்காக வீட்டில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று கேட்டு டைப் செய்தார். அப்பா எட்டாவது, அம்மா ஐந்தாவது. கூட வந்திருந்த என் ஆயா (பாட்டி) தயங்கித் தயங்கி, “நான் பள்ளிக்கூடமே போகலியே கண்ணு, அதனால இவளுக்கு ஏதாச்சும் கெட்டுடுமா?” என்று கேட்டார். “அதுக்காகத்தான் ஆயா இதையே குடுக்கறாங்க” என்றார் அக்கா. ரேஷன் கார்டில் அப்பாவின் பெயர் வேறு மாதிரி இருந்ததையும் அவர்தான் முதலில் கவனித்தார். இல்லாவிட்டால் மனு திரும்பி வந்திருக்கும்.

இந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். “பையனுக்கு வச்சுக்கலாமே” என்று உறவில் சிலர் சொன்னபோது, “இப்ப படிக்கப் போறவ அவதானே” என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். பத்தாவது படிக்கும் தம்பியும், “நீ போடுக்கா, என்னுது அப்புறம் பாத்துக்கலாம்” என்றான். வீட்டுக்குள் நன்றி சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. அப்பா, தம்பி, இங்கே சொல்லிவிடுகிறேன்: நன்றி.

மேலத்தெரு அண்ணன் தன் லேப்டாப்பையே எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகப் பதிவதை, செய்து கொடுத்தார். “கிடைக்காதுன்னு நீயா நெனச்சு எதையும் கீழ தள்ளாத. பிடிச்ச வரிசையிலயே போடு” என்றார். அப்படிப் போட்டதால்தான் இந்தக் கல்லூரி என் பட்டியலின் மேலே இருந்தது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யாவிட்டால் சீட் போய்விடும் என்று அன்றைக்கு நாலைந்து முறை போன் செய்து கேட்டதும் அவர்தான்.

ஊரில் இந்த வருடம் பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கைகளே, சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். செமஸ்டர் லீவில் வருவேன். கார்டு, டிசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அக்காவின் இ-சேவை மையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.