செயலாளர் ஆண்டறிக்கை: கையைக் கடிக்காத இணையப் பாதுகாப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைப் பொருளாளர் வரவு செலவோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இணையப் பாதுகாப்புதான். அதைப் பற்றியே இவ்வறிக்கை.

எல்லோருக்கும் சங்கச் செலவில் ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்ற தீர்மானம் வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு அது போதும். அதைவிட முக்கியம், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே இலவசமாகக் கொடுத்திருந்தது! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மின்னஞ்சலும் பிரவுசரும் மட்டும் போதும் என்பவர்கள் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாம்.

பாஸ்வேர்டு பற்றித்தான் நீண்ட விவாதம். பல இடங்களில் ஒரே பாஸ்வேர்டு வைத்தால், ஓரிடத்தில் கசிந்ததை மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். இடத்துக்கொரு பாஸ்வேர்டை நமக்காகச் சேமித்து வைக்கும் பிட்வார்டன், கீபாஸ் செயலிகள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. மூத்த உறுப்பினர்கள் சிலர் நோட்டில் எழுதி வைப்பதை இளையவர்கள் கிண்டல் செய்தார்கள். நான் மூத்தவர்கள் பக்கம்: எங்கோ உட்கார்ந்து திருடுபவனுக்கு நம் பீரோவிலுள்ள நோட்டு எட்டாது. மாதாமாதம் மாற்றவும் வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், கால வரையறை வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-லேயே கூறிவிட்டது. நீளமாக இருக்கட்டும், கசிந்தது தெரிந்தால் மாற்றுங்கள். இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹண்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் கசிவு விவரம் தெரியும்.

இரண்டாவது பூட்டாக எஸ்எம்எஸ் ஓடிபி இருப்பது ஒன்றும் இல்லாததற்கு மேல். ஆனால் நம் எண்ணில் வேறொருவர் சிம் வாங்கிவிட்டால் அதுவும் போகும். 30 விநாடிக்கு ஒருமுறை ரகசிய எண்ணை மாற்றும் ஆதென்டிகேட்டர் செயலி இன்னும் நல்லது, அதுவும் இலவசம். எந்த ரகசிய எண்ணாக இருந்தாலும், போனில் அவசரப்படுத்துகிறவரிடம் சொல்லாதீர்கள்.

இலவசம் என்பதற்காக எல்லாவற்றையும் நிறுவிவிடவும் கூடாது. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச விபிஎன் (நம் இணையத் தொடர்பை வேறொருவர் சர்வர் வழியாகத் திருப்பும் சேவை) வழியாக நம் தகவல்களை அனுப்புவதில் என்ன பாதுகாப்பு? சில பிரவுசர்களில் தள முகவரிக்கு அருகே தெரியும் பூட்டுக் குறியையும் நற்சான்றாக எண்ண வேண்டாம். வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் அந்தப் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகவே தருவதால் மோசடித் தளத்திலும் அந்தப் பூட்டு இருக்கும்.

இந்த வகையில் சங்கம் செலவழித்தது ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்குக்கு மட்டும். உறுப்பினர் பதிவேடும் கூட்டக் குறிப்புகளும் அதில் உள்ளன. நகல் எடுத்ததும் கழற்றி வைத்துவிடுகிறோம். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

நிலுவையில் ஒன்று உண்டு. சங்க மின்னஞ்சலை மீட்கும் கைப்பேசி எண் இன்னும் முன்னாள் நிர்வாகி ஒருவருடையது. பொறுப்பு மாறும் நாளிலேயே பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் மாற்றிக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும் என்ற விதியைச் சேர்க்க முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவரை அழைக்கிறேன்.