எங்கள் விமானத்துக்குப் படி வைக்க எங்களுக்கு அனுமதி தாருங்கள்

நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் மதிப்புக்குரியோருக்கு,

வணக்கம். கொழும்பிலிருந்து பறக்கும் மலிவுக் கட்டண விமான சேவை ஒன்றின் இயக்கப் பிரிவினரும் பொறியியல் பிரிவினரும் இதை எழுதுகிறோம்.

"கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரிப் பதில் மூன்றாவது தடவையாகவும் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. முதல் இரண்டு கடிதங்களுக்கும் இதே வரிதான், திகதி மட்டுமே மாறியிருந்தது. அதனால் இம்முறை உறையில் இட்டு அனுப்பாமல், எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறோம். எங்களுக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் கேட்பது நியாயம் என்று நம்புவதால் மரியாதை குறையாமல் கேட்கிறோம்.

கேட்பது ஒன்றுதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் எங்கள் விமானங்களுக்கு, எங்கள் ஆட்களையும் எங்கள் வண்டிகளையும் கொண்டு, படி வைப்பது, பொதி ஏற்றி இறக்குவது, பின்னுக்குத் தள்ளுவது போன்ற தரைச்சேவையை நாங்களே செய்துகொள்ள அனுமதி தாருங்கள். அடுத்தவர் விமானத்தை நாங்கள் தொடப்போவதில்லை. அந்த வியாபாரமும் எங்களுக்கு வேண்டாம்.

கட்டுநாயக்கவில் தரைச்சேவை முழுவதும் தேசிய விமான சேவையான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் கையில் இருப்பதும், அது எந்தக் காலத்து ஏற்பாடு என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. அந்த ஏற்பாட்டின் கீழ் 180 இருக்கை கொண்ட ஓர் ஏர்பஸ் ஏ320 விமானம் தரையில் என்ன பாடுபடுகிறது என்பதை மட்டும் சொல்கிறோம். மேசைக்கு வரும் அறிக்கைகளில் அது தெரியாது.

மலிவுக் கட்டண விமானம் தரையில் நிற்க வேண்டிய நேரம் 35 நிமிடம். முன் சில்லுக்கு முட்டுக்கட்டை வைத்ததும் கணக்குத் தொடங்குகிறது. முதல் இரண்டு நிமிடத்துக்குள் நிற்கும் விமானத்துக்கு மின்சாரம் தரும் தரை மின்வண்டியின் கேபிள் செருகப்பட வேண்டும். அதே நேரத்தில் முன் கதவுக்கு ஒரு படிவண்டியும் பின் கதவுக்கு ஒரு படிவண்டியும் அணைய வேண்டும். இரண்டு கதவும் திறந்தால் 180 பேரும் எட்டு நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். அடுத்த ஏழு நிமிடத்தில் விமானப் பணிப்பெண்களே இருக்கைகளைத் துப்புரவாக்கி விடுவார்கள், ஏனென்றால் மலிவுச் சேவையில் அதற்கென்று தனி ஆள் வைப்பதில்லை. ஏறுவதற்குப் பதினைந்து நிமிடம். மிஞ்சும் ஐந்து நிமிடத்தில் விமானத்தின் எடைக் கணக்கு எழுதிய எடைத்தாள் கைமாறி, கதவு மூடி, இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளத் தயாராக வேண்டும். இதெல்லாம் நடக்கும்போதே கீழே பொதியறைக் கதவு திறந்து, பொதியை ஏற்றி இறக்கும் பட்டை வண்டியான பெல்ட் லோடர் அணைந்து, வந்த பொதி இறங்கிப் போகும் பொதி ஏறுகிறது. மறுபக்கத்தில் எரிபொருள் நிரம்புகிறது.

இந்த வரிசையில் ஒன்று பிசகினால் மற்றதெல்லாம் பிசகும். பெரும்பாலும் பிசகுவது பின்பக்கப் படிதான். அந்த நேரத்தில் அது இரண்டு தரிப்பிடம் தள்ளி ஒரு பெரிய விமானத்தோடு நிற்கும். எங்களுக்கு முன் படி மட்டும் வரும். உடனே இறங்கும் நேரம் இரட்டிப்பாகிறது. பயணிகள் உள்ளே இருக்கும்போது எரிபொருள் நிரப்புவதென்றால் வெளியேறும் வழிகள் தயாராக இருந்தாக வேண்டும். பின் கதவில் படி இல்லாத நிலையில், கடைசி ஆள் இறங்கும்வரை எரிபொருள்காரர் குழாயை மாட்டாமல் காத்து நிற்பார். அவர் செய்வது சரி, அவரில் பிழை சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய இரண்டு வேலை ஒன்றின்பின் ஒன்றாகிவிடுகிறது.

மின்வண்டி வராத நாளில் வாலில் இருக்கும், தரையில் மின்சாரமும் குளிர்காற்றும் தரும் சிறிய துணை இயந்திரத்தை ஓடவிட வேண்டும். ஏ320இன் துணை இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ எரிபொருள் குடிக்கும். அரை மணி நேரம் ஓடினால் 60 கிலோ, அதாவது 75 லீற்றர், நின்ற இடத்திலேயே எரிந்து போகிறது. அந்தத் துணை இயந்திரம் பழுதாகி, அதை நிறுத்தி வைத்தே பறக்க அனுமதிக்கப்பட்ட நாளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குளிரூட்டல் இல்லை. கொழும்பு வெயிலில் மூடிய உடற்பகுதிக்குள் பத்து நிமிடம் போதும். சென்னையில் இருதயச் சத்திரசிகிச்சை முடித்துச் சக்கர நாற்காலியில் திரும்புபவர், இரண்டு கைக்குழந்தையோடு வரும் மலையகத் தாய், புறக்கோட்டைக் கடைக்குச் சரக்கு எடுத்து வருபவர் எல்லாரும் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விமானம் வந்து நின்றுவிட்டது, ஆனால் படி இல்லை. அவர்கள் ஏசுவது டிக்கெட்டில் பெயர் இருக்கும் எங்களைத்தான். படியைக் கொண்டுவந்து வைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்று அந்த நேரத்தில் யாருக்கு விளக்குவது?

கடைசியாக இழுவை வண்டி. வண்டியை விமானத்தோடு இணைப்பது இழுவைத் தண்டு. ஏ320க்கு உரிய தண்டு வேறு, அதைவிடப் பெரிய ஏ330க்கு உரியது வேறு. வண்டி வந்து, தண்டு மாறி வந்தால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். இழுவிசை மிஞ்சும்போது தான் முறிந்து விமானத்தைக் காக்கும் வெட்டூசி தண்டில் ஏற்கெனவே முறிந்திருந்தால் இன்னொரு தண்டு தேட வேண்டும். தலையில் ஹெட்செட் மாட்டி விமானியோடு பேசும் ஆள் அடுத்த விமானத்தை அனுப்பப் போயிருந்தால் அவருக்காகவும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம்தான். கூட்டிப் பார்த்தால் அரை மணி.

அந்த அரை மணி ஒரு புதிய நிறுவனத்தை எப்படிக் கொல்லும் என்பதற்குக் கணக்குக் காட்டுகிறோம். கொழும்பு-சென்னை, தரிப்பிடம் விட்டுத் தரிப்பிடம், ஒன்றரை மணி நேரம் என்று வைப்போம். ஒவ்வொரு முனையிலும் 35 நிமிடம் நின்றால், காலை 5.30க்குப் புறப்படும் ஒரே விமானம் நான்கு தடவை போய்வந்து இரவு 9.35க்குக் கொழும்பில் இறங்கிவிடும். கொழும்பில் நிற்கும் மூன்று தடவையும் அரை மணி கூடினால் இறங்குவது 11.05. சென்னையில் குறித்த நேரம் தவறி, அங்கே மறுபடி வரிசையில் நின்றால் நள்ளிரவு. இரவுப் பராமரிப்புக்குப் பொறியியலாளர்களிடம் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. அதனால் அட்டவணை போடுபவர் வேறு வழியின்றி நான்காவது சுற்றை வெட்டிவிடுகிறார்.

வெட்டிய ஒரு சுற்று 360 இருக்கை. முப்பது நாளுக்கு 10,800 இருக்கை. விமானத்தின் குத்தகை ஒரு டொலரும் குறைவதில்லை. நான்கு சுற்றில் பிரிந்த குத்தகை, காப்புறுதி, மாதச் சம்பளம் எல்லாம் மூன்று சுற்றின் தலையில் ஏறுகின்றன. நிலையான செலவில் ஓர் இருக்கையின் பங்கு 33 வீதம் கூடுகிறது. அதை டிக்கெட்டில் ஏற்றினால் நாங்கள் மலிவுச் சேவை அல்ல. ஏற்றாவிட்டால் மூன்று மாதத்தில் குத்தகைக்காரர் வைப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு விமானத்தைத் திருப்பிக் கேட்பார்.

1972இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் காசு முடைப்பட்டு நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, அதே அட்டவணையை மிஞ்சிய மூன்றைக் கொண்டு ஓட்டியது. தரையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டதால் அது முடிந்தது. பின்னால் வந்த மலிவுச் சேவைகள் எல்லாவற்றுக்கும் அதுவே பாடம். பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவின் இண்டிகோ விமான நிறுவனம் தன் தரைவேலையைத் தன் குழுமத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது, 2022இல் மூன்றாவது கதவாலும் பயணிகளை இறக்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1996இலேயே பெரிய விமான நிலையங்களில் தரைச்சேவையை ஒருவர் கையில் மட்டும் விடக்கூடாது என்று சட்டம் செய்தது. நாங்கள் இன்னும் இரண்டாவது படிக்கு ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அவசரத்தில் பாதுகாப்பை விட்டுவிடுவோம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அது சரியல்ல. நாங்கள் கேட்கும் 35 நிமிடம் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதுதான். ஏ320இன் சில்லுத் தடையின் (பிரேக்) வெப்பம் 300 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால் புறப்படக்கூடாது. தடை ஆறாவிட்டால் படி, பொதி, எரிபொருள் எல்லாம் முடிந்தாலும் நிற்போம். ஐசாகோ எனப்படும், தரைச்சேவைக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தணிக்கைக்கு எங்கள் தரைப் பிரிவை உட்படுத்துங்கள். ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் விமானத் தரிப்புத் தளத்தில் வண்டி ஓட்டும் அனுமதிப் பரீட்சை வையுங்கள். தவறினால் உரிமத்தை எடுத்துவிடுங்கள். நாங்கள் மறுப்புச் சொல்ல மாட்டோம்.

தேவையான உபகரணமும் மலையளவு இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு ஏ320 நின்றால் படிவண்டி நான்கு, பெல்ட் லோடர் இரண்டு, 90 கேவிஏ திறனுள்ள மின்வண்டி இரண்டும் பழுதுக்கு ஒன்றும், இழுவை வண்டி ஒன்று, உரிய தண்டு இரண்டு, வெட்டூசி ஒரு பெட்டி, பொதி இழுக்கும் டிராக்டர் இரண்டு, பொதி வண்டி பன்னிரண்டு, குடிநீர் வண்டி ஒன்று, கழிவு வண்டி ஒன்று, குளிர்காற்று வண்டி ஒன்று, துணை இயந்திரம் இல்லாத நாளில் பிரதான இயந்திரத்தைத் தொடக்கக் காற்றழுத்தத் தொடக்கி ஒன்று. அவ்வளவுதான். பாவித்த உபகரணமாகவே வாங்கலாம். நிறுத்த இடம் மட்டும் வேண்டும், அதற்கும் வாடகை தருகிறோம்.

தேசிய விமான சேவையின் வருமானம் குறையும் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அந்த நிறுவனத்தில் வேலை செய்வோர் எங்களோடு ஒரே தளத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்பவர்கள், அவர்கள் வயிற்றில் அடிப்பது எங்கள் நோக்கமில்லை. சொந்தச் சேவைக்காக ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஓர் உரிமைக் கட்டணம் விதியுங்கள், கட்டுகிறோம். இறங்கு கட்டணமும் தரிப்புக் கட்டணமும் வழமைபோல உங்களுக்கே வரும். நான்காவது சுற்று பறந்தால் அவை ஒரு தடவை கூடுதலாகவே வரும்.

இதை எழுதும்போது மற்றவையும் மனதில் வந்து நிற்கின்றன. பதினொரு மணி நேரம் பறந்து லண்டன் போகிறவரிடம் வாங்கும் அதே புறப்பாட்டு வரியை, ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னையில் இறங்குபவரிடமும் வாங்குகிறோம். வெள்ளவத்தையிலிருந்து குடும்பமாக நால்வர் கோயிலுக்குப் போனால் சில வேளை வரி டிக்கெட்டோடு போட்டி போடுகிறது. எரிபொருள் இன்னொரு கதை. 2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனபோது நெடுந்தூர விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை யாரும் மறக்கவில்லை. இன்றும் இங்கே விலை ஏறும் மாதத்தில் அக்கரையிலிருந்தே கூடுதலாகச் சுமந்து வருவதா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சுமக்கும் மேலதிக எரிபொருளில் ஒரு மணி நேரப் பறப்புக்கு 3 முதல் 4 வீதம் சுமப்பதற்கே எரிந்துவிடும். விமானம் பழுதாகி நிற்கும்போது சிங்கப்பூரிலிருந்து நான்கு மணி நேரத்தில் வந்து சேரும் ஓர் உதிரிப்பாகம், ஓடுபாதையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் சுங்கக் களஞ்சியத்தில் வார இறுதி முழுவதும் கிடப்பதும் உண்டு. அட்டை மூலம் விற்ற டிக்கெட் பணத்தை, பயணம் முடியும்வரை வங்கி பிடித்து வைக்கிறது. இன்றைய எரிபொருளுக்கு நாளைய பயணியின் பணமும் கைக்கு வராது.

இவை ஒவ்வொன்றையும் பற்றித் தனித்தனியே கடிதம் எழுதலாம். எழுதாமல் விடுகிறோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் எல்லாமே "பரிசீலனை"க்குள் போய்விடும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது.

இன்னொன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2007இல் அரசே மிஹின் லங்கா என்று ஒரு மலிவுச் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே குத்தகைப் பாக்கியில் விமானங்கள் நின்றன. மீண்டும் பறந்து, கடன் சுமந்து, 2016 ஒக்டோபரில் தேசிய விமான சேவையோடு கலந்து முடிந்தது. அந்த நட்டத்தை நாட்டு மக்கள் சுமந்தார்கள். தனியார் நிறுவனம் விழுந்தால் திறைசேரி சுமக்காது என்பது உண்மைதான். ஆனால் விழும் நாளில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் அதே மக்கள்தான். 2023 மே மாதம் இந்தியாவில் கோ பெர்ஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது அதைப் பார்த்தோம். நாங்கள் மானியம் கேட்கவில்லை. கடனும் கேட்கவில்லை. திறைசேரியிலிருந்து ஒரு ரூபாய் தேவைப்படாத ஒன்றைக் கேட்டுத்தான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறோம்.

முழு அனுமதி தரத் தயக்கமாக இருந்தால் ஆறு மாதத்துக்குத் தாருங்கள். தொலைவிலுள்ள இரண்டு தரிப்பிடம் போதும். முட்டுக்கட்டை வைத்த நேரம், படி அணைந்த நேரம், பொதியறை மூடிய நேரம், பின்னுக்குத் தள்ளிய நேரம் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவு வைத்து வாராவாரம் உங்களுக்கு அனுப்புகிறோம். இன்றைய நேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் வண்டிகளை விற்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

கார்த்திகையில் சபரிமலைக் கூட்டம் தொடங்கிவிடும். இருமுடியோடு வரும் சாமிமார் தனித்தனியாக அல்ல, குழுக்களாகப் பதிவு செய்பவர்கள். ஒரு விமானம் பிந்தினால் அக்கரையில் அவர்களுக்காக நிற்கும் பஸ்ஸும் பிந்தும். அட்டவணையை அதற்கு முன் நாங்கள் முடிவு செய்தாக வேண்டும். நான்காவது சுற்றைப் போடுவதா விடுவதா என்பது உங்கள் பதிலில் தங்கியிருக்கிறது.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம். எங்கள் விமானத்துக்கு நாங்களே படி வைக்கவும், பொதி ஏற்றவும், பின்னுக்குத் தள்ளவும் அனுமதி தாருங்கள். முடியாது என்றால் முடியாது என்றே, காரணத்தோடு எழுதுங்கள். ஒரு திகதியும் குறிப்பிட்டு எழுதுவீர்களானால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மலிவுக் கட்டண விமான சேவையின் இயக்கப் பிரிவினரும் பொறியியல் பிரிவினரும்,
கொழும்பு.