ராம் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில்லுத் தயாரிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கு முன்னுரிமை தருவதால், வீட்டுக் கணினிக்கான ராம் (தற்காலிக நினைவகம்) விலை 2025 கடைசியிலிருந்து ஏறிவிட்டது. குருசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்ததை நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனமும் அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் பொருந்தாத ராமுக்கு யாராவது சிங்கப்பூர் வெள்ளியைக் கொட்டினால் எனக்கு மனசு ஆறாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். அவன் கணினியில் இருப்பது 2019ல் வந்த ரைசன் 5 3600 சிபியு (மையச் செயலி), பி450 மதர்போர்டு, 2666 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ராம். ஓவர்கிளாக் செய்ய, அதாவது வழக்கமான வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட ஆசைப்பட்டான். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குச் சேர்ந்து போனோம். ஒரு கடையில் 4000 வேகத்தில் இரண்டு ராமை எடுத்து வைத்து, பழையதோடு சேர்த்து நான்காகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

அது வேண்டவே வேண்டாம். வேறு வேறு ராமைக் கலந்தால், மெதுவான ஜோடிக்கு ஏற்றபடிதான் எல்லாமே ஓடும். நான்கு ராம் குச்சிகள், சிபியுவுக்குள் ராமைக் கையாளும் மெமரி கண்ட்ரோலருக்கும் கூடுதல் சுமை. அது போகட்டும், 4000 என்பதே இந்த சிபியுவுக்குப் பொருந்தாது. ரைசனின் உள் இணைப்பு ராமின் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடும்போதுதான் நல்ல பலன் கிடைக்கும். அந்தத் தலைமுறையில் ராம் வேகம் 3600 வரை பெரும்பாலும் சிக்கல் இல்லை. 3800ஐத் தாண்டினால் பெரும்பாலான சிபியுக்களில் இரண்டும் பிரிந்துவிடும், தாமதம் கூடும். அதிகக் காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வானேன்?

பார்க்க வேண்டியது குச்சியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிள். 3200, 16-18-18-38, 1.35 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த 16தான் சிஎல், கேட்ட தரவைத் தர ராம் எத்தனை கடிகாரச் சுற்று எடுக்கும் என்ற எண். அதை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வந்துவிடும். 3200 சிஎல்16க்கு 10. 3600 சிஎல்18க்கும் அதே 10தான். 3600 சிஎல்16 என்றால் 8.9. தரவு பாயும் அளவு 3600ல் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் 3200 சிஎல்16 ஜோடியே போதும் என்பேன். அவனுக்கும் அதைத்தான் வாங்கினோம், ஒரே பெட்டியில் வந்த இரண்டு 16 ஜிபி. பழையதைக் கழற்றிவிட்டு, சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ராமை லேபிளில் உள்ள வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போட்டோம்.

இன்னும் பழைய கணினி, உதாரணமாக 2011 காலத்து இன்டெல் கோர் ஐ7 வைத்திருப்பவர்கள், பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் டிடிஆர்3 (அந்தக் காலத்து ராம் வகை) தேடும்போது 1.5 வோல்ட்டில் ஓடுவதையே வாங்குங்கள். 1.65 வோல்ட் கேட்பவை அந்த சிபியுவுக்கு நல்லதல்ல.

சோதனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் திறந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று நினைக்க முடியாது. நிலையில்லாத ராம் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும். குடும்பப் படங்களும் பாடக் குறிப்புகளும் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு முழுக்க, ஏர்கான் போடாமல் ஓட விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு பிழையும் வராவிட்டால்தான் நம்பலாம். பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விலைப்பட்டியலில் ஜிபியும் வேகமும் மட்டும்தான் இருக்கின்றன. சிஎல் எண்ணையும் வோல்ட்டையும் பக்கத்தில் அச்சிடுங்கள். தாளில் அரை அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்