பாட்டு வகுப்பு இந்த ஆண்டும் உண்டு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன பெற்றோர் கூட்டத்தில் உங்களில் பலர் கேட்டீர்கள்: "ஆறாம், ஏழாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் பாட்டு எதற்கு? அதைக் கணக்குக்குக் கொடுத்தால் என்ன?" நியாயமான கேள்விதான். தாராவியில் வாடகையும் டியூஷன் ஃபீசும் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனாலும் அந்த இரண்டு பீரியடையும் எடுப்பதாக இல்லை.

பாட்டுக் கேட்டால் மூளை வளரும் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பி நான் இப்படிச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு 1993-இல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. மொசார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள் ஒருவகைப் புதிரைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலனும் போய்விட்டது. அதில் குழந்தைகளே கிடையாது! ஆகவே பாட்டால் மார்க் ஏறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

காது விஷயம் வேறு. லாஸ் ஏஞ்சலிஸில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்து, அவர்கள் மூளை பேச்சொலிகளை எப்படிப் பிரித்தறிகிறது என்று அமெரிக்க மூளை ஆய்வாளர் நீனா க்ராஸ் குழுவினர் அளந்து பார்த்தார்கள். ஓராண்டில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாண்டு கற்றவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிடிப்பதும் மேம்பட்டது. தொண்ணூறு அடி ரோட்டு ஹாரன் சத்தத்தில் பாடம் கேட்கிற நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமா? பாதியில் நிறுத்தினால் பலன் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் தாளம். போன வாரம் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் 'தகிட' என்றும், மீதிப் பேர் 'தகதிமி' என்றும் ஒரே வேகத்தில் சொன்னார்கள். முதல் கூட்டம் நான்கு முறை, அடுத்தது மூன்று முறை. பன்னிரண்டு எழுத்து முடிந்ததும் இரண்டும் ஒன்றாக வந்து சேர, வகுப்பே "ஏய்!" என்று கத்தியது. அடுத்த பீரியடில் கணக்கு டீச்சர் மீச்சிறு பொது மடங்கை அங்கிருந்தே ஆரம்பித்தார். தாளம் போடத் தெரிந்தால் கணக்கு தானாக வந்துவிடாது, டீச்சர் நடத்தத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு "புரியல மிஸ்" என்ற குரல் வழக்கத்தைவிடக் குறைவு. பக்கத்துப் பிள்ளை முடிக்கும்வரை தன் முறைக்குக் காத்திருப்பது, பிசகினால் அடுத்த சமத்தில், அதாவது தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில், வந்து சேர்ந்துகொள்வது, இதெல்லாம் நாங்கள் அறிவுரை சொல்லி வருவதில்லை.

கீபோர்டு வாங்க வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கையும் தொடையும் போதும். கோயில் கொடைக்குப் பறையோ மேளமோ அடிக்கத் தெரிந்த தாத்தா, மாமா யாராவது வீட்டில் இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு அவர்களை அழைக்க ஆசை. அன்றைக்கு நீங்களும் வந்து பின் பெஞ்சில் உட்காரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்