சைக்கிளுக்கு எந்தத் தண்ணீர்ப் போத்தல்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெயில் ஏறும்போதெல்லாம் "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்கிறோம். சைக்கிளோட்டிக்கு அது பாதி அறிவுரைதான். காலை ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி நோக்கிக் கிளம்பினால், சாதாரண பிளாஸ்டிக் போத்தலில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். வெந்நீர் போன்ற தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு மூடிவிடுவார்கள். போத்தல் பாதி நிரம்பியபடி வீடு திரும்பும், கூடவே தலைவலியும் வரும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கை தானாக அதை எடுக்கும். அதனால்தான் இந்தப் போத்தல் விஷயத்தை விரிவாக எழுதுகிறேன்.

கடையில் முதலில் கண்ணில் படுவது எஃகு பிளாஸ்க். "24 மணி நேரம் குளிர்" என்று ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஜப்பானியத் தயாரிப்புகளின் பெட்டியில் குளிரை அளந்த முறை விவரமாகவே அச்சாகியிருக்கும்: 20 டிகிரி செல்சியஸ் அறையில் 4 டிகிரித் தண்ணீரை நிரப்பி, மூடி, 6 மணி நேரம் கழித்துப் பார்த்த வெப்பநிலை. நம் ஊரில் நண்பகலில் நிழலிலேயே 31, 32 டிகிரி. அதோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறக்கிறோம். இருந்தாலும் குளிரைக் காப்பதில் எஃகு பிளாஸ்க்கை வேறெதுவும் நெருங்காது என்பது உண்மை.

ஆனால் அதைப் பிழிய முடியாது. ஓடும் சைக்கிளில் ஒரு கை பிடியில் இருக்க வேண்டும், கண் பாதையில் இருக்க வேண்டும். மென்மையான போத்தலை வாயருகே கொண்டுவந்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும். எஃகு பிளாஸ்க்கையோ மேலே தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்தால்தான் தண்ணீர் வரும். பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்படுகிறது. அந்த வேகத்தில் ஒரே ஒரு விநாடி வானத்தைப் பார்த்தால் சைக்கிள் ஏறக்குறைய 7 மீட்டர் போயிருக்கும். குழந்தைகளும் நாய்களும் நடமாடும் பாதையில் அது சிறிய தூரமா? திருகு மூடி என்றால் இரண்டு கையும் வேண்டும், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்தது அளவு. சைக்கிள் சட்டகத்தில் பொருத்தும் போத்தல் கூண்டு ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள போத்தலுக்காகச் செய்யப்படுவது. கடைக்குப் போகும்போது தையல் நாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். போத்தலின் அடிப்பகுதியைச் சுற்றி அளந்தால் 23 சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும். 25, 26 வந்தால் கூண்டுக்குள் நுழையாது, வலிந்து திணித்தால் கூண்டு விரிந்துபோகும். 21 என்றால் ஆடும். வேர் தூக்கிய பாதையிலோ ரயில் பாதைப் பசுமைத் தடத்தின் சரளையிலோ ஒரு குலுக்கலில் வெளியே குதித்துவிடும். தண்ணீரோடு சேர்த்து முக்கால் கிலோ எடையுள்ள எஃகு, பின்னால் வருபவரின் சக்கரத்துக்குக் கீழே உருண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. போத்தலின் கழுத்துக்குக் கீழே ஒரு பள்ளம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கூண்டின் நாக்கு அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும்.

ஆகவே ஓட்டிக்கொண்டே குடிப்பவர்களுக்கு என் பரிந்துரை இரட்டைச் சுவருள்ள பிளாஸ்டிக் போத்தல். கேமல்பேக், போலார், எலீட் போன்ற பல நிறுவனங்கள் செய்கின்றன. இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றோ மெல்லிய நுரைத்தாளோ இருக்கும், சிலவற்றில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளித்தாளும் சேரும். ஐஸ் போட்டு நிரப்பினால் ஒன்றரை மணி நேரம்வரை நன்றாகக் குளிர்ந்திருக்கும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு குறைகளைத் தெரிந்தே வாங்க வேண்டும். சுவர் தடிமனாவதால், அதே உயரமுள்ள சாதாரணப் போத்தலைவிடக் கொள்ளளவு குறையும். பிழியவும் கொஞ்சம் வலு வேண்டும். சிறுவர்களுக்கும் கை வலியுள்ள மூத்தோருக்கும் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே அவர்களை ஒரு கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தில் வெள்ளையோ வெளிர் சாம்பலோ நல்லது. நேரடி வெயிலில் கறுப்பு போத்தல் வேகமாகச் சூடேறும்.

போத்தல் நல்லதாக இருந்தும் "சீக்கிரம் சூடாகிவிட்டது" என்று குறைப்படுபவர்களில் பலர் தவறுவது நிரப்பும் இடத்தில்தான். குளிரை வெளியே விடாத சுவர், குளிரை உள்ளேயும் விடாது. குழாய்த் தண்ணீரை நிரப்பி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போத்தலோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே அவ்வளவாக ஒன்றும் மாறியிருக்காது. தண்ணீரை முந்தின இரவே ஒரு ஜாடியில் வைத்துக் குளிரவிட்டு, காலையில் போத்தலில் ஊற்ற வேண்டும்.

ஐஸ் கணக்கும் இப்படித்தான். 28 டிகிரிக் குழாய்த் தண்ணீர் அரை லிட்டரில் 100 கிராம் ஐஸ், அதாவது வீட்டுத் தட்டில் உறையும் கட்டிகள் ஐந்தாறு போட்டால், மொத்த ஐஸும் கரைந்து தண்ணீர் 10 டிகிரிக்கு வரும். வீட்டு வாசலைத் தாண்டும்போது கையிருப்பில் ஐஸ் இல்லை. அதே 100 கிராமை 5 டிகிரித் தண்ணீரில் போட்டால் சுமார் 30 கிராம்தான் கரையும், மிச்சம் 70 கிராம் கட்டியாகவே உங்களோடு பயணம் வரும். ஐஸ் கரைய நிறைய வெப்பத்தை விழுங்குவதால், அந்தக் கட்டிகள் இருக்கும்வரை தண்ணீர் சூடேறாது. போத்தலை முழுதாக நிரப்புங்கள். உள்ளே காற்றும் தண்ணீரும் குலுங்கக் குலுங்க ஐஸ் வேகமாகக் கரையும்.

இரட்டைச் சுவர்ப் போத்தலை உறைபெட்டியில் வைக்க வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும், உள்சுவரின் ஒட்டு பிளந்துவிடக்கூடும். பிளந்தால், பிறகு கழுவும்போது சுவர்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்டால் போத்தலின் ஆயுள் முடிந்தது. எஃகு பிளாஸ்க்கை உறையவைத்தால் அடிப்பாகம் புடைத்து, குளிரைக் காக்கும் சுவர்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் போய்விடக்கூடும்.

ஈரத் துணியையோ காலுறையையோ போத்தலில் சுற்றும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். மண்பானை குளிரும் அதே தத்துவம்தான். மதுரைப் பக்கத்து வறண்ட கோடையில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி, ஈரம் ஆவியாவது மெதுவாகத்தான். துணி எவ்வளவு நனைந்திருந்தாலும் இங்கே தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வியர்வை நம் உடம்பைச் சரியாகக் குளிர்விக்காததற்கும் இதே காரணம்.

எவ்வளவு குடிப்பது? நம் வெயிலில் மணிக்கு 500 முதல் 750 மில்லிலிட்டர் என்று தொடங்கலாம். துல்லியமாகத் தெரிய, ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக இன்னும் ஒரு லிட்டர் வெளியேறியிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். பல மணி நேரம் வெறும் தண்ணீரை அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறையும், அதுவும் ஆபத்துதான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர் இரண்டு போத்தல் எடுத்துச் செல்வது நல்லது: சாதாரணப் போத்தலில் உப்புச் சத்துள்ள பானம், இரட்டைச் சுவர்ப் போத்தலில் ஐஸ் தண்ணீர். சாதாரணப் போத்தலை முதலில் காலி செய்யுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 'மைஎன்வி' செயலியில் வெப்ப அழுத்த நிலையையும் பார்த்துவிடுங்கள். அது வெறும் காற்றின் வெப்பநிலை அல்ல, ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்த அளவு. அந்த அளவு 33 டிகிரியைத் தொட்டு "அதிகம்" என்று காட்டினால், எந்தப் போத்தலும் ஈடுகட்டாது. பயணத்தை மாலைக்குத் தள்ளுங்கள்.

நீர்மோரும் சீரகத் தண்ணீரும் நல்ல பானங்கள்தான். ஆனால் கறிவேப்பிலைத் துணுக்கும் இஞ்சி நாரும் குடிக்கும் முனையிலுள்ள வால்வில் சிக்கும், ஆகவே வடிகட்டி ஊற்றுங்கள். மோரை ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடித்து, வீடு வந்ததும் கழுவிவிடுங்கள். பிளாஸ்டிக்கில் ஏறிய புளித்த வாடை எளிதில் போகாது. சூடான தேத்தண்ணீர் இந்தப் போத்தல்களுக்கு ஆகாது.

குடிக்கும் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலிக்கோன் மடிப்புக்குள் மிளகுத் தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். மூடியை மட்டும் கழுவினால் அந்த இடத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் மடிப்பு மடிப்பாகத் தேய்க்கவும். மூடியைத் திருப்பிப் பூட்டாமல் தனித்தனியாகக் காயவையுங்கள். கழற்றவே முடியாத வால்வுள்ள போத்தலை வாங்காதீர்கள்.

உணவு விநியோகம் செய்பவர்களும், வேலைக்கு மடக்குச் சைக்கிளில் போகிறவர்களும் அடிக்கடி நின்றுதான் குடிப்பார்கள். அவர்களுக்குப் பையில் வைக்கும் எஃகு பிளாஸ்க்கே பொருத்தம். பல மடக்குச் சைக்கிள்களில் கூண்டு பொருத்தத் துளையே இருக்காது. பிடிக்கு அருகே கட்டும் பை ஒன்று போதும்.

சைக்கிள் நிகழ்ச்சி நடத்தும் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். பங்கேற்பாளருக்குப் பரிசாகப் பருமனான எஃகு பிளாஸ்க் தருவதை விட்டு, 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வால்வைக் கழற்றிக் கழுவக்கூடிய, வெளிர்நிற இரட்டைச் சுவர்ப் போத்தலைக் கொடுங்கள். மாதிரி ஒன்றை வரவழைத்து, கூண்டில் வைத்துப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

இப்படிக்கு,
மிதிவண்டி பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
பிடோக்