டி-503 என்ற இன்ஜினியர்

அன்புள்ள கதிருக்கு,

"அரசாங்கம் எல்லாரையும் கண்காணிக்கிற இந்த மாதிரி நாவல்ல எல்லாம் டெக்னாலஜிதாம்மா வில்லன்" என்று போனில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நீ இங்கே விட்டுப்போன புத்தகங்களில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆளும் கட்சிக்காரர் வீடுதோறும் டெலிஸ்கிரீன் என்ற வேவு பார்க்கும் திரையை மாட்டி முணுமுணுப்பைக்கூட ஒட்டுக்கேட்கிற அரசால், முகம் மழிக்க ஒரு பிளேடு கொடுக்க முடியவில்லை! வயலில் குதிரை ஏர். நாவல் எழுத மட்டும் மெஷின். விஞ்ஞானிகளுக்கு அங்கே மிஞ்சியிருப்பது இரண்டே வேலை: அடுத்தவன் மனதில் இருப்பதை அவன் விருப்பமில்லாமலே தெரிந்துகொள்வது, கோடிக்கணக்கானவர்களைச் சில நொடியில் கொல்வது. எதை வளர்க்கிறார்கள், எதைப் பட்டினி போடுகிறார்கள் என்று பார், வில்லன் யாரென்று தெரியும்.

ஆனால் நீ படிக்க வேண்டியது அதற்கு முந்திய ரஷ்ய நாவல், சமியாத்தின் எழுதிய 'நாம்'. 1920-21இல் எழுதியது, சொந்த நாட்டில் 1988இல்தான் அச்சேறியது. அவரும் உன்னைப் போல இன்ஜினியர், கப்பல் கட்டுகிறவர். முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போய், ரஷ்யாவுக்கான பனி உடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். மெஷினைக் கண்டு மிரண்டவர் இல்லை.

அந்தக் கதையில் வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி. ஆளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒரு வாய் உணவை ஐம்பது தடவை மெல்லவேண்டும் என்று விதி (உன் தாத்தா நினைவு வந்து சிரித்துவிட்டேன்). கதை சொல்கிற டி-503, விண்கலம் கட்டும் தலைமை இன்ஜினியர். யாரும் அவனை அடித்து வேலை வாங்கவில்லை. பூரித்துப்போய்க் கட்டுகிறான். இன்ஜினைச் சோதிக்கும்போது ஏறக்குறைய பத்துப் பேர் கருகிச் சாகிறார்கள். மொத்த ஜனத்தொகையில் பத்துக் கோடியில் ஒரு பங்குகூட வராது என்று கணக்குப் போடுகிறான். வேலையின் தாளம் தப்பவில்லை என்று பெருமைப்படுகிறான். எனக்கு உடம்பு சிலிர்த்தது இந்த இடத்தில்தான், கண்ணாடிச் சுவரில் இல்லை.

கற்பனை என்கிற 'நோயை' எக்ஸ்-ரே கொண்டு மூளையில் சுட்டு அழிக்கும் ஆபரேஷன் கடைசியில் அவனுக்கும் நடக்கிறது. பிறகு, அவன் காதலித்தவளை மணி வடிவக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சி வதைக்கிறார்கள், உட்கார்ந்து பார்க்கிறான். டைரியில் எழுதும்போது ஒரு சொல்கூட நடுங்கவில்லை.

"கருவிக்கு நல்லது கெட்டது தெரியாதும்மா" என்பாய். டி-503 அந்தச் சமாதானம்கூடச் சொல்லவில்லை; நல்லது செய்கிறோம் என்றே நம்பினான்.

நீங்கள் செய்கிற முகம் அடையாளம் காணும் கேமராவைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பதியும் முகங்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன்; அதை க்ளையன்ட் பார்த்துக்கொள்வார் என்றாய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்த க்ளையன்ட் யாரென்று சொல்.

அன்புடன்,
அம்மா